ஈயம் உடம்பில் ஏறினால் தூக்கம் ஏன் கெடுகிறது?

பெங்களூரில் பழைய பேட்டரியும் சர்க்யூட் போர்டும் உடைக்கும் காயலான் கடைகளில் நம் ஆட்களும் வேலை பார்க்கிறார்கள். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை என்று வந்தால் ஈயமாக இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்படுவார். ராத்திரி தூக்கம் வரவில்லை, பகலெல்லாம் சொக்குகிறது என்றால் அந்தச் சந்தேகம் யாருக்கும் எழுவதில்லை. எழ வேண்டும்.

கண் நரம்புகள் இரண்டும் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அங்கே 'கிளாக்', 'பிமால்1' என்ற இரு புரதங்கள் 'பெர்', 'கிரை' மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் சேரச் சேர, முடுக்கியவற்றையே அடக்கும். பிறகு அவை சிதைந்துபோக, சுற்று மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இந்த நுட்பத்தைப் பிரித்துக் காட்டியதற்குத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் நோபல் கிடைத்தது.

ஈயம் உடம்புக்குள் கால்சியம் போலவே நடந்துகொள்ளும். கால்சியம் நுழையும் வழிகளில் அதுவும் மூளைக்குள் போய்விடுகிறது. போனதும் என்எம்டிஏ என்ற ஏற்பியை (நரம்பணுவில் சேதி வாங்கும் புரதம்) அடைக்கிறது. விழித்திரையிலிருந்து 'விடிந்துவிட்டது' என்ற சேதி கடிகாரத்துக்குப் போய்ச் சேருவதற்கு இந்த ஏற்பியும் வேண்டும்.

அதைவிடப் பெரிய சேதம் இன்னோர் இடத்தில் நடக்கிறது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம், பல படிகளில் தயாராகும் மூலக்கூறு. அதில் ஒரு படியைச் செய்யும் ஆலாட் என்ற நொதியை ஈயம் முடக்கிவிடும். உடனே இரண்டு கோளாறுகள். ஒன்று, அந்த நொதி பயன்படுத்த வேண்டிய மூலப்பொருள் (பெயர் ஏஎல்ஏ) செலவாகாமல் தேங்குகிறது. தேங்கியது தானே ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பக்கத்தில் இருப்பதைத் தாக்கிச் சிதைக்கும் ஃப்ரீ ராடிகல்களைக் கிளப்புகிறது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்பும் அங்கே அதிகம். அதனால் ஃப்ரீ ராடிகல்களின் அடி அங்கே பலமாக விழும். இதைத் தடுக்க இருக்கும் குளூட்டாதயோனையும் ஈயம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இரண்டாவது கோளாறு ஹீம் பற்றாக்குறை. 'ரெவ்-எர்ப்' என்ற கடிகாரப் புரதம் ஹீமைப் பற்றிக்கொண்டால்தான் பிமால்1-ஐ உரிய நேரத்தில் அடக்க முடியும். ஹீம் குறைந்தால் அந்தப் பிடி தளர வாய்ப்புண்டு.

கடிகாரம் தடுமாறினால் தூக்கத்தோடு போகாது. ஃப்ரீ ராடிகல்களுக்கு எதிரான மூளையின் தற்காப்பை இயக்குவதிலும் பிமால்1-க்குப் பங்குண்டு. மூளையில் பிமால்1 நீக்கப்பட்ட எலிகளில் ஃப்ரீ ராடிகல்களால் வரும் சேதம் கூடியதை 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆக, ஈயம் தீயையும் மூட்டுகிறது, அணைப்பவரையும் தடுமாற வைக்கிறது. சீனாவின் ஜிந்தான் நகரத்துக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், சின்ன வயதில் ரத்தத்தில் ஈயம் அதிகமிருந்தவர்களுக்குப் பின்னாளில் தூக்கமின்மையும் பகல் தூக்கமும் கூடுதலாக இருந்தன.

  

பரிசோதனைக்கு ஈயம் கலக்காத குழாயில், கையிலுள்ள ரத்த நாளத்திலிருந்து (சிரை) ரத்தம் எடுக்க வேண்டும். விரல் நுனியில் குத்தினால் தோலில் இருக்கும் தூசியே அளவைக் கூட்டிக்காட்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அளவு கடந்த ஓரிரு மாதத்தையே சொல்லும். எலும்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது அதில் முழுதாகத் தெரியாது. குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தருவார்கள். 20 முதல் 44 வரை இருந்த குழந்தைகளுக்கு அதே மருந்து கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் ரத்த அளவு இறங்கியது, அறிவுத்திறன் தேர்வில் முன்னேற்றம் இல்லை. அதனால்தான் வரும் வழியை அடைப்பது முக்கியம்.

ஈயம் 327 டிகிரியில் உருகும். அதற்கு மேல் சூடேறச் சூடேறப் புகை கூடும். வீட்டு அடுப்படியிலோ கொல்லையிலோ காய்ச்சவே கூடாது. வேலை உடுப்பைக் கடையிலேயே மாற்றி, தனியாகத் துவைக்க வேண்டும். செருப்பு வாசலோடு நிற்கட்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடைப்பதே சரி. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும். கீரையும், கால்சியம் நிறைந்த கேழ்வரகுக் களியும் வேளாவேளைக்குக் கொடுங்கள். வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக ஏறும். ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி ரத்தம் பாருங்கள். அளவு இறங்கவில்லை என்றால் தூசி இன்னும் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.