வெள்ளம் வடிந்த கிணற்றில் குளோரின் செய்யும் வேலை

2018 டிசெம்பர் கனமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவின் தாழ்ந்த ஊர்கள் மூழ்கின. அப்படியொரு வெள்ளத்தின் பின் முகாமிலிருந்து வீடு திரும்பும் சனத்துக்குக் கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும், குடிக்கத்தான் முடியாது. வயலையும் மாட்டுப்பட்டியையும் மலசலகூடக் குழியையும் கழுவி வந்த தண்ணீர் அது.

உடனே குளோரினைக் கொட்டினால் வீண். குளோரின் கிருமியைத் தேடிப் போவதில்லை. எதிர்ப்படும் சேறு, இலைச்சருகு, அமோனியா எல்லாவற்றோடும் வினைபுரிந்து தீர்ந்துவிடும். மிஞ்சுவதுதான் கிருமிக்கு. கலங்கலில் கிருமிகள் மண் துணிக்கைகளுக்குள் ஒளிந்தும் கொள்ளும். அதனால் முதலில் இறைப்பு, பிறகுதான் மருந்து.

இறைப்பிலும் நிதானம் வேண்டும். சுற்று மண் ஊறிக் கிடக்கையில் உள்ளே நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் கிணற்றுக் கட்டு இடியும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இன்னொரு சிக்கல்: அங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழிருந்து உப்பு ஏறும். தண்ணீர் இறைக்கும் மெஷினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு ஆளைக் கொன்றுவிடும்.

இனிக் கணக்கு. 3 மீற்றர் விட்டக் கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 14,000 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் 700 கிராம் குளோரின் தேவை. 70 சதவீதம் குளோரின் உள்ள தூளில் அது 1 கிலோ; வெளிற்றும் தூளில் குளோரின் மூன்றிலொரு பங்குதான் என்பதால் 2 கிலோவுக்குச் சற்று மேல். வாளியில் கரைத்து, தெளிவை ஊற்றி, உட்சுவரையும் அதே கரைசலால் கழுவி, 12 முதல் 24 மணி நேரம் விட வேண்டும். நீரில் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு மின்னேற்றம் இல்லாததால் கிருமியின் மென்சவ்வை எளிதில் ஊடுருவி, உள்ளிருக்கும் நொதியங்களைச் சிதைக்கிறது. பின் மணம் போகும்வரை இறைக்கலாம்.

ஊற்று புதுநீரைக் கொண்டுவந்ததும் கிணற்றில் குளோரின் இல்லாமல் போய்விடும். பக்கத்துக் குழியிலிருந்து கழிவு கசிந்தால் மறுபடி அழுக்குத்தான். அதனால்தான் பவுசரில் (தண்ணீர் லொறியில்) தரும் தண்ணீரில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரினை வேண்டுமென்றே மிச்சம் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரை மணக்கிறதென்று வெளியே ஊற்றிவிடாதீர்கள். குடத்துக்குள் பிள்ளையின் கை பட்டாலும் தண்ணீரைக் காப்பது அந்த மிச்சக் குளோரின்தான்.