சொல் விளக்கம்: ரொமான்ஸ்

போன வாரம் இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து க்யூர்பீப் போகும் மெட்ரோவில் ஒரு நாவலைப் படித்து முடித்தேன். கூட வேலை பார்க்கும் தோழி கொடுத்தது. அட்டையிலேயே 'ஸ்டீமி ரொமான்ஸ்' என்று போட்டிருந்தது. அவன் உம்மணாமூஞ்சித் தச்சன், அவள் வாய் ஓயாத வானொலி அறிவிப்பாளர். எதிரும் புதிருமான இந்த இருவரும் மழையில் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல முடிச்சுதான். எதற்குச் சண்டை போடுவார்கள், யார் முதலில் இறங்கி வருவார்கள் என்று ஆவலாகப் புரட்டினால், 41ஆம் பக்கத்தில் கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் 300 பக்கத்துக்கு உருப்படியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வானொலிக்காரி கூட ஊமையாகிவிட்டாள். எரிச்சல் தாங்காமல், அட்டையில் இருந்த அந்தச் சொல்லையாவது தோண்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு போலி உறவை வெட்டிவிட வேண்டும். ரொமான்ஸ் என்பது நம் ரோமாஞ்சத்திலிருந்து போனதுதான் என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ரோமம் சிலிர்த்து நிற்பது ரோமாஞ்சம். தமிழில் மயிர்க்கூச்சு, மெய்சிலிர்ப்பு, புளகம். காதல் கதை படித்தால் மெய் சிலிர்க்கத்தானே வேண்டும்? ஆனால் இது வெறும் ஒலி ஒற்றுமை. இந்தச் சொல்லுக்கு ரோமத்தோடு சம்பந்தமே இல்லை, ரோம் நகரத்தோடுதான்.

லத்தீனில் 'ரோமானிகே' என்றால் 'ரோமானியர் பேசுகிற விதமாக'. படித்தவர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சந்தையிலும் வீட்டிலும் புழங்கிய பேச்சுமொழிக்குப் பழைய பிரெஞ்சில் இதிலிருந்துதான் பெயர் வந்தது. மொரீஷியஸில் இருப்பவருக்கு இதை விளக்க மெனக்கெட வேண்டாம். பிரெஞ்சுக்குப் பக்கத்தில் கிரியோல் எப்படியோ, அன்று லத்தீனுக்குப் பக்கத்தில் அந்த மொழி அப்படி. ஊர் முழுக்கப் பேசுகிற கிரியோலே 2012இல்தான் ஆரம்பப் பள்ளியில் விருப்பப் பாடமாக நுழைந்தது. 12ஆம் நூற்றாண்டில் அந்தப் பேச்சுமொழியில் குதிரைவீரர், மந்திரம், சாகசம், காதல் எல்லாம் கலந்த கதைகள் பெருகின. மொழியின் பெயர் கதைமேல் ஒட்டிக்கொண்டது. கதையில் காதல் தூக்கலாக இருந்ததால், போகப்போக ஆங்கிலத்தில் காதலுக்கே அது பெயராகிவிட்டது.

பிரெஞ்சு அந்த வழியில் அவ்வளவு தூரம் போகவில்லை. இங்கே புத்தகக் கடையில் 'ரோமான்' என்று எழுதிய அலமாரியில் கொலைக்கதையும் இருக்கும், குடும்பக் கதையும் இருக்கும். ரோமான் என்றால் நாவல், அவ்வளவுதான். உருகி வழிகிற காதல் கதைக்கு அவர்கள் தனியாக வைத்திருக்கும் பெயர் 'ரோமான் ஆ லோ த ரோஸ்'. பன்னீர் நாவல்! கல்யாண வீட்டு வாசலில் செம்பை ஆட்டித் தெளிப்பார்களே, அதே பன்னீர். முகத்தில் பட்டதும் ஜில்லென்று இருக்கும், பந்திக்குப் போவதற்குள் காய்ந்துவிடும்.

க்யூர்பீப்பில் நகர மன்றத்தருகே சிலையாக நிற்கும் பால் என்ற பையனும் விர்ஜினி என்ற பெண்ணும் இந்தத் தீவின் பழைய காதலர்கள். 1788இல் பிரெஞ்சில் வெளிவந்த கதை அது. 1744இல் இந்தக் கடலில் நிஜமாகவே உடைந்த சேன் ஜெரான் கப்பல்தான் கதையின் முடிவுக்கும் வருகிறது. உடையைக் களைந்துவிட்டு நீந்தச் சொல்கிறார்கள், விர்ஜினி நாணி மறுத்து மூழ்கிப்போகிறாள். நான் படித்த நாவலின் நாயகி அந்தக் கப்பலில் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கரை சேர்ந்திருப்பாள்.

தமிழுக்குள் வந்தபோது இந்தச் சொல் இன்னும் குறுகிவிட்டது. 'ரெண்டு பேரும் ரொமான்ஸ் பண்றாங்க' என்றால் காதலிக்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே கொஞ்சல், சரசம், சல்லாபம் எல்லாம் உண்டு. இதில் சல்லாபத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'சம்லாப' என்ற வடசொல்லின் திரிபு அது. நேர்ப்பொருள் சேர்ந்து பேசுவது, உரையாடல். இன்று சல்லாபம் என்று காதில் விழுந்தால் யாருக்குப் பேச்சு நினைவுக்கு வருகிறது? பேச்சுமொழியின் பெயராகப் பிறந்த ரொமான்ஸும் பேச்சின் பெயராகப் பிறந்த சல்லாபமும் ஒரே இடத்தில்தான் வந்து படுத்திருக்கின்றன. சங்க அகப்பாட்டை எடுத்துப் பாருங்கள், தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று ஒவ்வொன்றும் யாராவது பேசுவதுதான். காமம் என்ற சொல்லுக்கு அந்தப் புலவர்கள் கூசியதில்லை. ஆனால் வாய் திறக்காமல் அங்கே ஒன்றும் நடக்காது.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? நூல்வகைக்குக் 'காதல் நாவல்' போதும். தனித்தமிழ் வேண்டுமென்றால் காதல் புதினம். யாழ்ப்பாணத்தார் 'என்ன புதினம்?' என்று கேட்டால் மட்டும் செய்தி கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். விமர்சகர்கள் சொல்லும் 'கற்பனாவாதம்' ரொமாண்டிசிசம் என்ற ஓர் இலக்கிய இயக்கத்துக்கான பெயர், இங்கே ஒட்டாது. ஸ்டீமிக்கு 'ஆவி பறக்கும்' என்று போட்டால் இட்லியும் காப்பியும்தான் கண்முன் வரும். வாரப்பத்திரிகைகளில் பழகிய 'கிளுகிளுப்பு' இருக்கிறதே, அதுதான் சரி. ஆக அட்டையில் இருக்க வேண்டியது 'கிளுகிளுப்பான காதல் நாவல்'. அதில் முதல் சொல்லை ஒப்புக்கொள்கிறேன், மூன்றாவதையும் ஒப்புக்கொள்கிறேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது தோழி இரண்டாம் பாகத்தை நீட்டினாள். இதில் நிறையப் பேசுகிறார்களாம். பையில் போட்டு வைத்திருக்கிறேன்.