தோட்டத்து வீட்டில் எந்த லைன் எடுக்கும்? எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் உரிமை பற்றி

பேராக்கின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தைப் பக்கம் நின்று பார்த்தால் எந்த நிறுவனத்து சிம்மைப் போட்டாலும் நாலு கோடு காட்டும். அங்கே மேசை போட்டு சிம் விற்கிற தம்பியும் அதைத்தான் காட்டுவார், "பாருங்கண்ணே, ஃபுல் லைன்" என்று. சரி என்று வாங்கிக்கொண்டு லிந்தாங் பக்கமோ ஜாலோங் பக்கமோ மோட்டாரை விட்டு, செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் ஒரு கோடு இருக்கும். அடுப்படிக்குப் போனால் அதுவும் போய்விடும்.

என் அம்மா வீட்டில் கைப்பேசிக்கு என்று ஓர் இடம் உண்டு. முன் ஜன்னல் கம்பியில் காலி மைலோ டின்னைக் கட்டி, அதற்குள் கைப்பேசியை நிறுத்தி வைத்திருப்பார். மணி அடித்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும், டின்னிலிருந்து எடுத்துக் காதில் வைத்து இரண்டு எட்டு நகர்ந்தால் பேச்சு அறுந்துவிடும். இப்படியே பல வருடம் ஓட்டினார். இனிப்பு நீருக்கு மருந்து வாங்கும் தேதியை கிளினிக்கில் மாற்றி வைத்து, அந்தத் தகவல் நேரத்துக்கு வந்து சேராமல், பழைய தேதிக்கே போய் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அன்றுதான் நான் இதைச் சரியாக விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றைத் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 2008-லிருந்து உங்கள் எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறலாம். பலரும், குறிப்பாக நம் வீட்டுப் பெரியவர்கள், "எல்லாருக்கும் இந்த நம்பர்தான் தெரியும், பேங்க்கில் கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, மாற்றினால் வம்பு" என்று சொல்லியே லைன் எடுக்காத நிறுவனத்துக்கு மாதா மாதம் டாப் அப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண் மாற வேண்டியதே இல்லை. பழைய நிறுவனத்திடம் போய்ச் சொல்லிக்கொண்டு வர வேண்டியதும் இல்லை. புதிதாகச் சேரப் போகிற நிறுவனத்தின் கடைக்கு மைகாட் என்கிற அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய், "என் பழைய எண்ணிலேயே வருகிறேன்" என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பழைய எண்ணுக்கு உறுதி கேட்டு எஸ்எம்எஸ் வந்தால் அதில் சொன்னபடி பதில் அனுப்ப வேண்டும், அதனால் பழைய சிம்மை உடனே கழற்றி எறிந்துவிடாதீர்கள். அதில் லைன் நின்ற பிறகுதான் புது சிம் வேலை செய்யத் தொடங்கும். அந்த இடைவெளியில் பேங்க் பரிவர்த்தனை எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மாறும்போது பழைய ப்ரீபெய்டில் மீதி இருக்கும் காசு உங்களோடு வராது, அதைப் பேசியோ டேட்டா வாங்கியோ தீர்த்துவிடுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. கைப்பேசியோடு சேர்த்து ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் மீதி மாதங்களுக்கு அபராதம் கேட்பார்கள், எண்ணோடு வேறு நிறுவனத்துக்குப் போனதால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது. எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் தோட்டத்தில் பெரும்பாலும் சிக்கல் வருவது காசால் இல்லை, பெயரால்தான். ப்ரீபெய்டு எண்ணுக்கும் பெயர்ப் பதிவு கட்டாயம் என்று வந்தது 2006-இல். அப்போதும் அதற்குப் பிறகும் நம் வீடுகளில் எத்தனை சிம் மாமா பெயரில், மூத்த மகன் பெயரில், கடைக்காரர் பெயரில், ஏன் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நிறுவனம் மாறும்போது பழைய இடத்தில் எந்தப் பெயரும் மைகாட் எண்ணும் பதிவாகி இருக்கிறதோ அதே பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும், இல்லையென்றால் நிராகரித்துவிடுவார்கள். என் அம்மாவின் எண் என் சித்தப்பா பெயரில் இருந்தது. அது தெரியாமல் மூன்று தடவை விண்ணப்பித்தோம், மூன்று தடவையும் காரணம் சொல்லாமல் திரும்பி வந்தது. கடையில் இருந்த பிள்ளை "சிஸ்டம் அண்ணே" என்று மட்டும் சொன்னது. நாலாவது தடவை பழைய நிறுவனத்தின் சேவை மையத்தில் போய்க் கேட்டபோதுதான் பெயர் விவகாரம் தெரிந்தது. சித்தப்பாவை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய், இருவர் மைகாட்டையும் காட்டி, எண்ணை அம்மா பெயருக்கு மாற்றிய பிறகே காரியம் நடந்தது. ஆகவே பெயரை முதலில் பாருங்கள். மாறுகிற எண்ணமே இல்லாவிட்டாலும் பாருங்கள், நாளைக்குக் கைப்பேசி தொலைந்தால் அந்த எண்ணைத் திரும்ப வாங்கப் பெயருக்கு உரியவர்தான் போய் நிற்க வேண்டும்.

இனி எந்த நிறுவனம் என்ற கேள்வி. 012 என்றால் மெக்சிஸ், 019 என்றால் செல்கம், 016 என்றால் டிஜி என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது 2008-க்குப் பிறகு செல்லாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 012-இல் நல்ல லைன் கிடைக்கிறது என்றால், அவர் எண்ணைப் பார்க்காதீர்கள், இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள். செல்கமும் டிஜியும் 2022 நவம்பர் கடைசியில் ஒன்றாகிவிட்டன, ஆகவே "எங்கள் தோட்டத்தில் செல்கம் எடுக்கும், டிஜி எடுக்காது" என்ற பழைய தீர்ப்பையும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் டியூன் டாக், ரெட்ஒன், எக்ஸ்ஓஎக்ஸ் மாதிரியான பெயர்களுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது, பெரிய நிறுவனத்தின் கோபுரத்தை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துகிறார்கள். எந்தக் கோபுரம் உங்கள் வீட்டுக்கு எட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அதே கோபுரத்தில் விலை குறைவான பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம், லைன் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

விளம்பரத்தில் வரும் சதவீதத்தை நம்பி எடுக்காதீர்கள். அரசு 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தில் 4ஜி சேவையை 96.9 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவது இலக்கு என்றார்கள். அந்த 96.9 விழுக்காடு நாட்டின் நிலப்பரப்புக்கு இல்லை, மக்கள் குடியிருக்கும் பகுதிக்கான கணக்கு. 5ஜி 2023 கடைசியில் 80 விழுக்காட்டைத் தாண்டியது என்றதும் அதே கணக்குதான். நீங்கள் வேலை பார்க்கும் நிரை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற செம்பனைச் சாலை, வண்டி பஞ்சராகி நிற்கிற வளைவு, இதெல்லாம் அந்தக் கணக்கில் குடியிருப்பு ஆகாது.

மரமும் ஒரு காரணம். செம்பனை மட்டை தண்ணீர் நிறைந்தது, மழை பெய்து நனைந்திருந்தால் அலையை இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மறுநடவு முடிந்து கன்று இடுப்பளவு இருக்கும்போது லைன் பளிச்சென்று எடுக்கும், ஏழெட்டு வருடத்தில் மரம் கூரையைத் தாண்டியதும் "முன்னெல்லாம் நன்றாக இருந்ததே" என்று சொல்ல ஆரம்பிப்போம். கோபுரத்திலும் கைப்பேசியிலும் ஒன்றும் மாறியிருக்காது, மரம்தான் வளர்ந்திருக்கும். குறைந்த அலைவரிசை தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அலைவரிசைக்கு வேகம் உண்டு, தூரம் இல்லை. நம் நாட்டு 5ஜி 700 மெகாஹெர்ட்சிலும் 3.5 கிகாஹெர்ட்சிலும் ஓடுகிறது, தோட்டத்துக்கு வந்து சேரக்கூடியது பெரும்பாலும் முதலாவதுதான். ஆகவே 5ஜி என்ற எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் வீட்டில் 4ஜி ஒழுங்காக நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கூரை தகரம் என்றால் அதுவும் அலையைத் தடுக்கும், வாசலில் இருந்த லைன் உள்ளே போனதும் செத்துப்போவது அதனால்தான்.

சோதிக்க ஒரே நல்ல வழி, சந்தேகப்படும் நிறுவனத்தின் மலிவான ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கி ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்ப்பது. இரண்டு சிம் போடுகிற கைப்பேசி என்றால் பழையதைக் கழற்றக்கூட வேண்டாம். கோட்டை எண்ணாதீர்கள், கோடு கைப்பேசிக்குக் கைப்பேசி வேறு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் கைப்பேசி பற்றிய பக்கத்தில் சிம் நிலை என்று ஒன்று இருக்கும், அதில் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் எழுதியிருக்கும். எல்லாம் மைனஸ் எண். மைனஸ் 90 என்றால் நன்றாக இருக்கிறது, 100 பரவாயில்லை, 110-ஐத் தாண்டினால் பேச்சு விட்டு விட்டு வரும், 120 என்றால் ஆசையை விட்டுவிடலாம். நான் ஒரு பழைய பள்ளி நோட்டில் அடுப்படி, அம்மாவின் கட்டில், கிணற்றடி, கோவில் முன்பு என்று நாலு இடம் போட்டு, காலை ஆறு மணி, மதியம், இரவு எட்டரை என்று மூன்று நேரம் எழுதினேன். இரவு எட்டரைதான் உண்மையைச் சொல்கிற நேரம், அப்போதுதான் தோட்டமே வீட்டில் இருந்து வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்குப் பழைய சிம் அடுப்படியில் மைனஸ் 118 காட்டியது, புதியது 101. பதினேழு எண் வித்தியாசம், மைலோ டின் கீழே இறங்கிவிட்டது.

பழைய கைப்பேசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 3ஜியை 2021 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அழைப்பு 4ஜி வழியாகவே போக வேண்டும் என்றால் கைப்பேசியில் வோ-எல்டிஇ இருக்க வேண்டும், அமைப்பில் அதைத் திறந்தும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பு 2ஜிக்கு இறங்கும், 2ஜி எட்டாத இடத்தில் டேட்டா வரும், அழைப்பு வராது. "வாட்ஸ்அப் வருது, ஃபோன் மட்டும் வரமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள். வீட்டில் ஃபைபர் வந்திருந்தால் வைஃபை வழி அழைப்பையும் திறந்துவிடுங்கள், பெரிய நிறுவனங்களில் உண்டு, தகரக் கூரைக்குக் கீழேயும் உங்கள் சொந்த எண்ணிலேயே பேசலாம்.

எந்த நிறுவனத்து சிம்மைப் போட்டாலும் லைன் எடுக்கவில்லை என்றால்? அங்கேதான் நம்மவர்கள் விட்டுவிடுகிறோம், "தோட்டம்தானே" என்று. அப்படி விடக் கூடாது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் சம்பாதிக்கும் உரிமம் பெற்ற நிறுவனங்கள், அந்தச் சட்டம் கணக்கிடும் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். லாபம் இல்லை என்று நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத இடங்களுக்குச் சேவை கொண்டுபோகத்தான் அந்த நிதி. அதை நிர்வகிப்பது எம்சிஎம்சி என்கிற மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். நீங்கள் போட்ட டாப் அப்பிலிருந்து வந்த காசும் அதில் இருக்கிறது.

ஜெண்டேலா வரைபடத்தை இணையத்தில் திறந்து உங்கள் முகவரியைப் போட்டால் அங்கே சேவை இருப்பதாகக் காட்டுகிறதா என்று தெரியும். இருப்பதாகக் காட்டி, வீட்டில் இல்லை என்றால் உங்கள் புகாருக்கு வலு அதிகம். முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். சரியாகவில்லை என்றால் எம்சிஎம்சியின் புகார்ப் பக்கத்திலோ 1-800-188-030 என்ற எண்ணிலோ அந்தப் புகார் எண்ணோடு போங்கள். "எங்கள் தோட்டத்தில் லைன் இல்லை" என்று மட்டும் எழுதினால் கிணற்றில் போட்ட கல்தான். கூகுள் வரைபடத்தில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களை எழுதுங்கள், எந்த நேரம், எந்தக் கைப்பேசி, டிபிஎம் எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரே கடிதத்தில் நாற்பது கையெழுத்து போடுவதைவிட நாற்பது வீடும் தனித்தனியாகப் புகார் கொடுப்பது நல்லது, ஒவ்வொன்றும் ஒரு எண்ணாகப் பதிவாகும்.

கோபுரம் நிற்க நிலம் வேண்டும், தோட்டத்தில் நிலம் கம்பெனியுடையது. ஆகவே நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்திலோ கோவில் கமிட்டியிலோ இருப்பவர்கள் புகார் எண்களையெல்லாம் ஒரே தாளில் எழுதி மேனேஜரிடம் நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலும் எம்சிஎம்சிக்குப் போகட்டும்.