தாளில் மணப்பது தோலில் ஏன் மாறுகிறது?

நாகர்கோவிலில் ஒரு கடைக்குச் சென்ட் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் நீட்டுவது ஒரு சிறு காகிதத் துண்டைத்தான். அதில் தெளித்து, இரண்டு முறை வீசி, முகர்ந்து பார்த்த கையோடு வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடுகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் மூக்கை எட்டுவதோ, அந்தக் குப்பியில் மிக விரைவாகப் பறந்துபோகிற பகுதி மட்டுமே.

சென்டில் பெரும்பங்கு எத்தில் ஆல்கஹால். அதில் கரைந்திருக்கும் பல்வேறு மணப்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் ஆவியாகின்றன. எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறும்போது எழும் மணத்தில் முதன்மையானது லிமோனீன். அதன் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலின் கொதிநிலையோ ஏறத்தாழ 254 டிகிரி. எலுமிச்சையைக் கீறிய விரலில் மணம் சற்று நேரத்தில் மங்கிவிட, கிராம்பை நசுக்கிய விரலில் அது நெடுநேரம் தங்குவது இந்த வேறுபாட்டால்தான். சந்தனத்தில் உள்ள சாண்டலால் என்ற பொருள், கஸ்தூரி வகைச் செயற்கை மணப்பொருள்கள் ஆகியவை இன்னும் மெதுவாகவே விடைபெறும். மேல்மணம், நடுமணம், அடிமணம் என்று பிரித்துச் சொல்வது இந்த வரிசையைத்தான். நாள் முழுவதும் நம்மோடு இருக்கப்போவது கடையில் நாம் முகராத அடிமணம்.

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியையும் மல்லியையும் அள்ளி முகர்ந்து வளர்ந்தவர்களுக்கு, மல்லிகை என்று பெயரிட்ட பல சென்டுகள் சப்பென்று தோன்றுவதற்கும் வேதியியல் காரணம் உண்டு. மல்லிகை இனப் பூக்களின் மணத்தில் பென்சைல் அசிடேட், லினலூல் போன்ற இனிய பொருள்களுடன் இன்டோல் என்ற ஒன்றும் சிறிதளவு கலந்திருக்கிறது. இன்டோலைத் தனியே, செறிவாக முகர்ந்தால் மலநாற்றம் அடிக்கும். பூவில் உள்ள சிற்றளவிலோ அதுவே மணத்துக்கு ஆழம் தருகிறது. அதைக் குறைத்துச் செய்த சென்ட் சோப்பு மணம் போல நின்றுவிடுகிறது. பூவின் மணத்தை விரும்புகிறவர்கள், முதலில் சற்றுக் கனமாகத் தோன்றும் மல்லிகை சென்டை உடனே ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

இனி, தோல். எண்ணெய்ப்பசை உள்ள தோல் மணப்பொருள்களைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். வறண்ட தோலில் அவை சீக்கிரம் போய்விடும். ஆகவே மணமற்ற எண்ணெயையோ கிரீமையோ லேசாகத் தடவி அதன்மேல் தெளித்தால் மணம் கூடுதல் நேரம் நிற்கும். இதைவிட முக்கியமானது, ஒவ்வொருவருக்கும் இயல்பாக உள்ள உடல்மணம். வியர்வைக்குப் புதிதாகச் சுரக்கும்போது பெரிதாக மணமில்லை; தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதே மணம் உண்டாகிறது. செக் நாட்டில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் தாமே தேர்ந்தெடுத்த வாசனைத் திரவியம் அவருடைய உடல்மணத்தோடு கலந்தபோது, பிறர் அவருக்கு ஒதுக்கிக் கொடுத்த திரவியம் கலந்ததைவிட இனிமையாக இருந்ததாக முகர்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். அக்கா போட்டால் நன்றாக இருக்கிறதே என்று அதே குப்பியை வாங்குவது ஏன் பல நேரங்களில் ஏமாற்றமாகிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

மூக்கும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மூக்கில் மணப்பொருள்களை உணரும் புரதங்களான மண ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் இவற்றில் ஏறக்குறைய 400 ஏற்பிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் உள்ள சிறு மாறுபாட்டால், வயலட் பூ மணம் தரும் பீட்டா-அயனோன் சிலருக்கு நறுமணமாகவும் சிலருக்குப் புளித்த வாடையாகவும் தெரிகிறது. சில கஸ்தூரி மணங்களை அறவே உணராதவர்களும் உண்டு.

நம் கடலோரத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். குளச்சலின் மத்தியான வெக்கையில் ஆவியாதல் விரைவுபடுவதால், குளிரூட்டப்பட்ட கடையில் மென்மையாக இருந்த இனிப்பு மணம் வெளியே வந்ததும் கொட்டித் தீர்க்கும். நெரிசலான பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்கு அது தலைவலி. கோடைக்குச் செறிவு குறைந்த வகையும், இரு பருவமழைகளின் குளிர்ந்த நாட்களுக்குச் சந்தனம், கிராம்பு சார்ந்த வகையும் பொருந்தும்.

எனவே ஒரு மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு சென்டுகளுக்கு மேல் சோதிக்காமல், தெளித்தபின் தேய்க்காமல், கடையை விட்டு வெளியே வந்துவிடுவதே நல்லது. பலர் சொல்வதுபோல், தேய்த்தால் மூலக்கூறுகள் உடைந்துபோவதில்லை. சூட்டில் மேல்மணம் சீக்கிரம் பறக்கும், அவ்வளவே. மூக்கைத் தெளிவாக்க நடுவில் காபிக்கொட்டையை முகர்வது வெறும் காற்றைச் சுவாசிப்பதைவிட அதிகப் பயன் தருவதாகச் சோதனையில் தெரியவில்லை. நாரத்தை, எலுமிச்சை வகை எண்ணெய்கள் சிலவற்றில் உள்ள பொருள்கள் வெயிலில் தோலைப் புண்ணாக்கக்கூடும் என்பதால், அத்தகைய சென்டை வெயில் படும் இடத்தில் பூசாமல் ஆடைக்குள் மறையும் இடத்தில் பூசலாம். நான்கைந்து மணி நேரம் கழித்து மிச்சமிருக்கும் மணத்தை முகர்ந்துவிட்டு, வீட்டில் ஒருவரிடமும் கையை நீட்டிக் கேளுங்கள். உங்கள் மூக்கு அதற்குள் அந்த மணத்துக்குப் பழகிப்போயிருக்கும்.