மொரீஷியஸுக்கு எப்போது வரலாம்? ஆடிக்காற்றைக் கேளுங்கள்

தென்காசியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆவணியில் அவருக்குக் கல்யாணம். அப்புறம் மனைவியோடு மொரீஷியஸ் வர ஆசை. "டிசம்பர்தான் நல்லது என்கிறார் அத்தான். அக்டோபர் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். டிராவல் ஏஜென்ட்டோ வருஷம் முழுக்க ஒரே மாதிரிதான், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிறார். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், சொல்லுங்கள் சார்."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செப்டம்பர் பிற்பாதியிலிருந்து நவம்பர் நடு வரை. ஆவணி முகூர்த்தம் முடிந்து, மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்து கிளம்பினால் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேரலாம். ஏன் அந்த மாதங்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அந்தக் காரணம் தென்காசிக்காரருக்கு நன்றாகப் பழக்கமானது. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் காற்றுதான் அது.

தெரிந்த கதையை வேகமாகக் கடந்துவிடுவோம். மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. அதனால் பருவங்கள் தலைகீழ்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை, மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். கோடையின் சராசரி வெப்பநிலை 24.7 டிகிரி செல்சியஸ், குளிர்காலத்தில் 20.4. வித்தியாசம் நாலு டிகிரி சொச்சம்தான். ஆகவே வெப்பத்தை மட்டும் பார்த்து மாதத்தை முடிவு செய்ய முடியாது. மழையில் வித்தியாசம் கூடுதல். தீவு முழுவதற்குமான ஆண்டு சராசரி 2010 மி.மீ.; அதில் 1344 மி.மீ. கோடையில் பெய்துவிடுகிறது. பிப்ரவரியும் மார்ச்சும் அதிகம் நனையும் மாதங்கள். அக்டோபரில்தான் மழை மிகக் குறைவு.

இனி காற்றுக்கு வருவோம். தீவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 30 டிகிரி அட்சரேகையை ஒட்டி, கடலின் மேல் ஒரு பெரிய உயரழுத்த மண்டலம் இருக்கிறது. மொரீஷியஸ், ரீயூனியன், ரொட்ரீக்ஸ் ஆகிய மூன்றையும் மஸ்கரீன் தீவுகள் என்பார்கள். அந்தப் பெயரையே இதற்கும் வைத்து மஸ்கரீன் உயரழுத்தம் என்கிறார்கள். பூமத்திய ரேகை அருகே சூடாகி மேலே எழுந்த காற்று, உயரத்திலேயே தெற்கு நோக்கி வந்து, குளிர்ந்து, இந்த இடத்தில் கீழே இறங்குகிறது. இறங்கிய காற்று கடல் மட்டத்தில் வெளியே பரவியாக வேண்டும். அதில் வடக்கு நோக்கிப் புறப்படும் பங்குதான் நம் கதாநாயகன்.

அது நேராக வடக்கே போவதில்லை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, ஆனால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. 30 டிகிரியில் தரை மணிக்குச் சுமார் 1450 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. 20 டிகிரியில் அது 1570, பூமத்திய ரேகையில் 1670. தெற்கே 30 டிகிரியில் கிளம்பிய காற்று அந்த இடத்தின் வேகத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மொரீஷியஸை நெருங்கும்போது, கீழே இருக்கும் கடலும் தரையும் அதைவிட வேகமாகக் கிழக்கே ஓடுகின்றன. காற்று பின்தங்குகிறது. தரையில் நிற்கும் நமக்கு அது கிழக்கிலிருந்து வந்து முகத்தில் அடிப்பதாகத் தெரிகிறது. தெற்கிலிருந்து கிளம்பியதும் கிழக்கிலிருந்து அடிப்பதும் சேர்ந்து தென்கிழக்குக் காற்றாகிறது. பள்ளிப் புத்தகத்தில் வியாபாரக் காற்று என்று படித்திருப்பீர்கள். இங்கே அலிசே என்பார்கள். இந்த வேக வித்தியாசத்தின் பெரும்பகுதியை உராய்வும் அழுத்த வேறுபாடும் ஈடுகட்டிவிடுகின்றன. இல்லாவிட்டால் எங்கள் கிழக்குக் கரையில் தினமும் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்றடிக்கும்.

சரி, மொரீஷியஸைத் தாண்டிய காற்று எங்கே போகிறது? வடமேற்கே. மடகாஸ்கரின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு கென்யாக் கரையை அடைகிறது. அங்கே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் மதில் போலக் குறுக்கே நிற்கிறது. காற்று அதை ஒட்டியே வடக்கே திரும்பிப் பூமத்திய ரேகையைக் கடக்கிறது. கடந்ததும் கணக்கு புரண்டுவிடுகிறது! இதுவரை மெதுவாக நகரும் அட்சரேகையிலிருந்து வேகமாக நகரும் அட்சரேகைக்கு வந்த காற்று, இப்போது வேகமான இடத்திலிருந்து மெதுவான இடத்துக்குப் போகிறது. ஆகவே தரையை முந்திக்கொண்டு கிழக்கே வளைகிறது. எங்களிடம் தென்கிழக்குக் காற்றாக வந்தது, சோமாலியாவைத் தாண்டும்போது தென்மேற்குக் காற்றாக மாறி, அரபிக்கடலின் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு கேரளக் கரையில் ஏறுகிறது. அதில் ஒரு பங்கு செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கும், ஆரல்வாய்மொழி வழியாக முப்பந்தல் காற்றாலைகளுக்கும் வந்து சேர்கிறது.

இந்தப் பாதையின் வேகமான நடுப்பகுதி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகக் குறுகலாகப் பாய்கிறது என்பதைப் பிரிட்டிஷ் வானிலையாளர் ஃபிண்ட்லேட்டர் 1969இல் விளக்கிக் காட்டினார். அதன் பிறகு 1979இல் பன்னாட்டுப் பருவக்காற்று ஆய்வு நடந்தபோது விமானங்களை அதற்குள்ளேயே அனுப்பி அளந்தார்கள். இந்திய வானிலையாளர்கள் பருவமழையைக் கணிக்கும்போது மஸ்கரீன் உயரழுத்தத்தின் வலுவை இன்றும் கவனிக்கிறார்கள். குற்றால அருவியில் விழும் தண்ணீரில் ஒரு பங்கு, தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து ஆவியாகப் புறப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மொரீஷியஸிலும் காற்று அதிகமாக அடிக்கும் மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும்தான், அதாவது ஆடியை ஒட்டித்தான். தற்செயல் இல்லை. தெற்கே குளிர்காலம் என்பதால் மஸ்கரீன் உயரழுத்தம் அப்போது மிகவும் வலுவாக இருக்கிறது. வடக்கே ஆசிய நிலப்பரப்பு வெயிலில் காய்ந்து காற்றை இழுக்கிறது. ஒரே ஓட்டத்தின் ஒரு முனையில் நாங்கள், மறுமுனையில் நீங்கள். செப்டம்பர் பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து பின்வாங்கத் தொடங்கும். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே அலிசேயும் தணியத் தொடங்குகிறது. கடல் அமைதியாகிறது, வெயில் ஏறுகிறது, மழையோ இன்னும் வரவில்லை. வாசகருக்கு நான் சொன்ன மாதங்கள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

மாதத்தைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: தீவின் எந்தப் பக்கம்? தென்கிழக்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று நடு மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. ஏறும் காற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்கிறது. குளிர்ந்ததும் ஈரம் மேகமாகி மழையாக விழுகிறது. நான் இருக்கும் கியூர்பீப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே குடையில்லாமல் யாரும் வெளியே போவதில்லை, துணி காய்வது பெரும்பாடு. நடு மேட்டில் ஆண்டுக்கு 4000 மி.மீ. வரை பெய்கிறது. ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது மீண்டும் சூடாகிறது, மேகம் கரைந்துவிடுகிறது. மேற்குக் கரையில் மழை 900 மி.மீ. அளவுதான். இரண்டுக்கும் நடுவே காரில் முக்கால் மணி நேரம் கூட இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைந்து கிடக்க, இந்தப் பக்கம் சங்கரன்கோவிலும் கோவில்பட்டியும் காய்வது இதே கணக்கில்தான்.

ஆகவே ஆடியில் வந்தே தீர வேண்டும் என்றாலும் கவலையில்லை. மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் தங்குங்கள், வடமேற்குக் கரையும் நல்லது. கிழக்கே பெல் மாரில் அந்த நேரம் மணல் பறக்கும். ஜனவரியில் கதை மாறும். மேற்குக் கரையில் புழுக்கம் தாங்காது, கிழக்கே காற்று கொஞ்சம் ஆறுதல் தரும்.

பக்கத்தில் இருக்கும் ரீயூனியனில் இதே இயக்கம் பேருருவம் எடுக்கிறது. எங்கள் மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர்தான். அங்கே பிட்டோன் தெ நேஜ் 3070 மீட்டர். அலிசே வீசும் அடுக்குக்கு மேலே, சுமார் இரண்டு கி.மீ. உயரத்தில், இறங்கிவரும் வறண்ட காற்று மூடிக்கொண்டு நிற்கிறது. மேகங்கள் பெரும்பாலும் அதைத் தாண்டுவதில்லை. 2200 மீட்டர் உயர மைதோ முனைக்கு விடியற்காலையில் போனால் பள்ளத்தாக்கு முழுக்கத் துலக்கமாகத் தெரியும், பத்து மணிக்குள் மேகம் ஏறி மூடிவிடும். அதனால்தான் வளிமண்டல ஆய்வுக்கூடம் ஒன்றை அந்த மலையில் கட்டினார்கள். புயல் வரும்போது அதே மலைகள் மழையை நம்ப முடியாத அளவுக்குப் பிழிந்தெடுக்கின்றன. 2007 பிப்ரவரியில் கமேது புயலின்போது கொமர்சோன் எரிமலை வாயில் மூன்று நாளில் 3930 மி.மீ. பெய்தது. உலக சாதனை அது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1400 மி.மீ.

புயலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அத்தான் சொன்ன டிசம்பரில் புயல் பருவம் தொடங்கியிருக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அது நீடிக்கிறது, உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நவம்பர் பிற்பாதியில் ஒருமுறையும் ஜனவரி பிற்பாதியில் ஒருமுறையும் வருகிறது. ஆனால் கடல் மெதுவாகத்தான் சூடேறும். பிப்ரவரி, மார்ச்சில்தான் உச்சத்தைத் தொடும். புயலுக்குத் தீனி கடலின் வெப்பம்; நீரின் மேற்பரப்பு 26.5 டிகிரியைத் தாண்டினால்தான் பொதுவாக அது உருவாகும். வங்கக் கடலில் இடஞ்சுழியாகச் சுழலும் புயல் இங்கே வலஞ்சுழி. இதற்கும் மேலே சொன்ன அதே பூமிச் சுழற்சிதான் காரணம். 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டது. 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் ரீயூனியனைத் தாக்கியது.

இந்தத் தீவுக்கு வானிலை ஆராய்ச்சியில் பழைய பெருமை உண்டு. 1851இல் இங்கே வானிலைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் மெல்ட்ரம், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கிப் பிரதியெடுத்து, கடலில் புயல்கள் எப்படி நகர்கின்றன என்று பொறுமையாக ஆராய்ந்தார். இன்று செயற்கைக்கோள் இருக்கிறது, ஆனால் கடலுக்கடியில் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது என்பதை அறிய மிதவைகள் வேண்டும். அதற்காக 2004இல் தொடங்கிய இந்தியப் பெருங்கடல் மிதவை வரிசைக்கு மீன்பிடிப் படகுகளால் சேதம், சோமாலியக் கடலோரம் கடற்கொள்ளையர் என்று தொல்லைக்குமேல் தொல்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் விவசாயம் நம்பியிருக்கும் காற்று இந்தக் கடலைத்தான் கடந்து வருகிறது. அதை அளக்கும் மிதவைகளைப் பராமரிக்கப் பணம் ஒதுக்குவதில் இந்தியாவும் எங்கள் அரசும் ஆப்பிரிக்கக் கரை நாடுகளும் இன்னும் தாராளமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பணத்தின் அருமை தெரியாமல் போவதற்கு ஒரு காரணம், பஞ்சாங்கத்தில் மழைக்குப் பலன் பார்க்கும் பழக்கம். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் பஞ்சாங்கம் முன்பே சொன்னது என்று யாராவது கிளம்புகிறார்கள். திதியும் நட்சத்திரமும் கணக்கிட அது நல்ல கருவி. எங்கள் கோயில்களும் அதை வைத்துத்தான் விழா நாள் குறிக்கின்றன. ஆனால் மழையைத் தீர்மானிப்பது கடலின் வெப்பமும் அழுத்தமும். அவற்றைக் கடலில் இறங்கித்தான் அளக்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் அச்சாகும் புத்தகத்துக்கு அவை தெரிய வழியில்லை.

வாசகருக்கு மீண்டும். அக்டோபரில் வந்தால் மாதத் தொடக்கத்தில் மேற்குக் கடலில் கூனல் திமிங்கிலங்களைப் பார்க்கக்கூட வாய்ப்பு உண்டு. தென் குளிர்காலத்தில் அவை குட்டி போட இங்கே வந்து, பிறகு அண்டார்க்டிக் பக்கம் திரும்பிவிடும். லிச்சிப் பழம் வேண்டுமென்றால் நவம்பர் கடைசி வரை பொறுக்க வேண்டும், தெருவெங்கும் மயிற்கொன்றை சிவப்பதும் அப்போதுதான். தைப்பூசக் காவடி பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால் ஜனவரி, பிப்ரவரிதான் வழி. அன்று இங்கே அரசு விடுமுறை, பார்க்க வேண்டிய விழாதான். அந்த நேரம் வருவதானால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். இறங்கியதும் வானொலியில் புயல் எச்சரிக்கை எண்ணைக் கவனியுங்கள். அது ஒன்றிலிருந்து நான்கு வரை போகும். எண் மூன்று என்று அறிவித்துவிட்டால் கடற்கரைப் பக்கமே போகாமல், தண்ணீரும் டார்ச்சும் எடுத்து வைத்துக்கொண்டு ஹோட்டல் அறையிலேயே இருங்கள்.