மின்தடை: சொல்லும் கணக்கும்

'பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை' என்று நாளிதழ் அறிவிக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடமோ 'கடத்தியின் மின்தடையைக் கணக்கிடுக' என்கிறது. முதலாவதில் மின்சாரம் அறவே இல்லை. இரண்டாவதில் மின்சாரம் ஓடினால்தான் கணக்குப் போடவே முடியும். நேர் எதிரான இரண்டு நிலைகளை ஒரே சொல் சுமப்பதால், 'மின்தடை என்றால் மின்சாரத்தை நிறுத்துவது' என்ற தவறான எண்ணம் மாணவர் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது.

கொடு என்பதிலிருந்து கொடை, விடு என்பதிலிருந்து விடை. அப்படியே தடு என்பதிலிருந்து தடை. தடுப்பதில் இரு வகை உண்டு. அடியோடு நிறுத்துவது ஒன்று. போகவிட்டு, போகும் அளவை மட்டுப்படுத்துவது மற்றொன்று. இயற்பியல் சொல்வது இந்த இரண்டாவது வகையை. ரெசிஸ்டன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கும், விடர்ஷ்டாண்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கும் 'எதிர்த்து நிற்றல்' என்பதே பொருள்.

இந்த எதிர்ப்பை முதலில் ஒழுங்காக அளந்தவர் கியோர்க் சைமன் ஓம். 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். அன்றைய மின்கலங்கள் நிலையாக நிற்பதில்லை, அளந்துகொண்டிருக்கும்போதே தளர்ந்துவிடும். அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத் என்ற உலோகத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இப்படி இணைத்த இரு உலோகங்களின் சந்திகளில் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். இரு வெப்பநிலைகளும் மாறாதவை என்பதால் கிடைத்த மின்னழுத்தமும் மாறவில்லை. 1827இல் வெளியான அவருடைய நூலுக்கு உள்ளூரில் உரிய வரவேற்பு இல்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கிய பிறகே அவர் பெயர் பரவியது. 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகிய அலகுகளை ஏற்றது. இவை மனிதர்களின் பெயரால் வந்தவை. ஆகவே இவற்றை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை.

மொழிபெயர்க்க வேண்டியது அளவுகளின் பெயர்களைத்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன். இலங்கைப் பாடநூல்களில் மின்தடைக்குத் தடை, மின்திறனுக்கு வலு. தடையைத் தரும் உறுப்பு தடையி. நம் 'மின்தடையாக்கி'யைவிடத் 'தடையி' நறுக்கென்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மின்தடை என்பதை இயற்பியலுக்கே விட்டுவிட்டு, விளக்கு அணைந்து போவதை மின்வெட்டு, மின்நிறுத்தம் என்று எழுதலாம். இரண்டுமே ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொற்கள்தான்.

இனிக் கணக்கு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 230 வோல்ட்டில் ஓர் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் எடுத்தால், 230 ÷ 4.35 = ஏறத்தாழ 53 ஓம்; 230 × 4.35 = ஏறத்தாழ 1000 வாட். அது ஒரு மணி நேரம் தொடர்ந்து இந்த அளவில் எரிந்தால் ஒரு யூனிட்.

'தடை அதிகம் என்றால் சூடும் அதிகம்தானே?' என்று பலர் கேட்பதுண்டு. வீட்டு இணைப்பில் நடப்பது இதற்குத் தலைகீழ். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை சுமார் 882 ஓம். 2000 வாட் கீசருக்கு வெறும் 26 ஓம்தான். மின்னழுத்தம் மாறாதபோது, தடை குறையக் குறைய ஓட்டம் கூடுகிறது, திறனும் கூடுகிறது. மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கித் தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும் என்ற வாய்பாடு சொல்வதும் இதைத்தான். அதே குண்டு பல்பை அணைத்து, ஆறவிட்டு, கழற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள்: 882இல் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. டங்ஸ்டன் இழை சூடேறும்போதுதான் அதன் தடை ஏறுகிறது. குளிர்ந்த இழை சுவிட்சைப் போட்ட கணத்தில் பெரும் ஓட்டத்தை வாங்குவதால்தான் பழைய பல்புகள் பெரும்பாலும் அந்த நொடியிலேயே உயிரை விடுகின்றன.

அப்படியானால் தடை கூடினால் சூடு கூடும் என்பது எங்குமே பொருந்தாதா? பொருந்தும் இடம் உண்டு. ஓட்டத்தின் அளவை வேறொரு கருவி தீர்மானித்துவிட்டால், வழியில் இருக்கும் சிறு தடை ஒவ்வொன்றும் அந்த ஓட்டத்தை அதனாலேயே பெருக்கினால் வரும் அளவுக்கேற்பச் சூடாகும். ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்தில் கண்டறிந்த விதி இது. கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கிறது. அதன் பிளக் சாக்கெட்டில் தளர்வாக உட்கார்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். 8.7 × 8.7 × 0.5 = ஏறத்தாழ 38 வாட். ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்னின் சூடு ஒரு பிளக் முனையில்! பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ கீசரை அணைத்துவிட்டு அன்றைக்கே சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.