மூடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: வீட்டில் விமான உடல் கட்டுவோருக்கு

கடலூர் முதுநகரில் ஒரு வீட்டின் பின்கட்டில், ஒரு மாசி மாதப் பிற்பகல் முழுவதும் நானும் அந்த வீட்டுக்காரரும் குனிந்த தலை நிமிராமல், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். முந்தைய வாரம் அவரே அடித்தவை அவை; ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. வால்பக்கக் கூம்புக்கு மேல்தகடு போட்டு மூடியாகிவிட்டது. மறுநாள் மேசையைத் துடைக்கும்போதுதான், ஆன்டெனாவைத் தாங்குவதற்காக உள்ளே பொருத்த வேண்டிய வலுத்தகடு அங்கேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறார்.

ரிவெட்டை எடுப்பது ஆணியைப் பிடுங்குவது போன்ற வேலை அன்று. துளைக்கருவி மயிரிழை சாய்ந்தாலும் தகட்டின் துளை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் ஒரு அளவு பெரிய ரிவெட் போட வேண்டும். ரிவெட்டின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம்வரை, அதன் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடம் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ரிவெட் பெரிதானால் அந்த இடம் போதாமல் போகும், தகடே வீணாகும். அன்று நான்கு துளைகள் கெட்டன. ஓரத்தில் இடம் மிச்சமிருந்ததால் தகடு பிழைத்தது.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளன். தகட்டு வேலையிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். பாகங்களாக வரும் கிட் வாங்கி வீட்டில் விமானம் கட்டும் ஓரிருவர் சந்தேகம் வந்தால் அழைப்பார்கள். அவர்கள் எல்லோருமே எதை எப்போது பொருத்துவது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். எதை எப்போது மூடுவது என்று போட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. விமானத்தின் உடல் என்பது சிறுகச் சிறுக மூடிக்கொண்டே போகும் ஒரு பெட்டி. ஒவ்வொரு தகடு ஏறும்போதும் உள்ளே ஓர் இடம் கைக்கு எட்டாததாகிறது. ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடச் சொல்கிறேன்: இந்தத் தகடு மூடிய பிறகு இதற்குள் என் கை போகுமா?

அதற்கும் முன்னால் ஒன்று. பணம் கட்டுவதற்கு முன், விமானங்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வுடன் எழுத்தில் பேசிவிடுங்கள். கட்டும் வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கிட் அந்த விதிக்கு உட்பட்டது என்னும் சான்று இங்கே அனுமதியாகிவிடாது. மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், அதை 2016ஆம் ஆண்டிலேயே பொதுக் கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் கிடைத்தது 2017இல். பறக்க அனுமதி 2019இல். அந்தக் காலத்தையும் உங்கள் அட்டவணையில் எழுதுங்கள்.

அடுத்து, இடம். இருவர் அமரும் உலோகக் கிட்டின் உடல் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். பல கிட்டுகளில் அடிப்பகுதியைத் தலைகீழாக வைத்துத்தான் கட்டத் தொடங்குவார்கள். பக்கத் தகடுகள் ஏறியதும் ஆட்களைக் கூட்டிப் புரட்டிப் போட வேண்டும். மேலே திறந்து கிடக்கும் அந்தக் கட்டத்தை வெளிநாட்டில் கனோ என்பார்கள். துறைமுகத்துப் பக்கம் வளர்ந்த நம் வீட்டுக்காரர் அதைத் தோணி என்றார். அந்தப் பெயரே எங்களுக்கு நிலைத்துவிட்டது. தோணியைப் புரட்டவும் சுற்றி நடக்கவும் இடம் இருக்கிறதா என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். சக்கரக் கால்களை மாட்டினால் உயரமும் அகலமும் கூடும். வாசலைத் தாண்டிய பிறகே மாட்டுங்கள்.

கடலூரில் தண்ணீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழை ஓய்ந்த பிறகு, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணை வழியாக ஊருக்குள் புகுந்தது. வானம் வெளுத்துவிட்டது என்று நம்பித் தாங்கு கட்டைகளைத் தாழ்வாக வைக்காதீர்கள்.

இனி உப்பு. இந்தக் கரையில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். விமானத் தகட்டில் பெரும்பாலும் 2024 என்னும் அலுமினியக் கலவை இருக்கும். வலிமைக்காக அதில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் தாமிரம் சேர்க்கிறார்கள். அதே தாமிரம்தான் அரிப்பையும் வரவழைக்கிறது. காப்பாக இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய பூச்சு உண்டு. ஒரு கீறல் விழுந்தால் அந்தக் காப்பு போயிற்று. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் ஈரமும் உப்பும் தங்கினால் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. வறண்ட ஊரில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு வேண்டுமா என்று வாதிடலாம். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று வீசும் வீட்டில் அந்த வாதத்துக்கு இடமில்லை. படியும் பரப்புகள் அனைத்துக்கும் எபாக்சி பிரைமர் அடியுங்கள். எடை சில கிலோ கூடும்; ஏற்றுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கவே வேண்டாம். குரோமேட் வகையானால் நுரையீரலுக்கு ஆபத்து. முறையான முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். தகட்டின் மேல் ஒட்டி வரும் நீலப் பிளாஸ்டிக் உறையைப் பாதுகாப்பு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதன் அடியிலும் ஈரம் புகுந்து அரிப்பு தொடங்கும். வேலைக்கு எடுத்ததும் உரித்துவிடுங்கள்.

எதைத் தள்ளிப்போடலாம் என்பதும் ஒரு முடிவுதான். திரைகள், ரேடியோ, வழிகாட்டும் கருவிகள் ஆகியவற்றைக் கடைசியில் வாங்குங்கள். நீங்கள் கட்டி முடிப்பதற்குள் அவை பழையதாகிவிடும். ஆனால் அவற்றுக்கான துளைகள், தாங்கிகள், வயர் செல்லும் குழாய்கள் இப்போதே இருக்க வேண்டும். குழாய்க்குள் ஒரு நூலை விட்டு வையுங்கள். நாளைக்கு வயரை இழுக்க அது போதும். வாலில் எதையாவது கூட்ட நினைத்தால் கணக்குப் போடுங்கள். எடைமையத்துக்கு மூன்றரை மீட்டர் பின்னால் வைக்கும் ஒரு கிலோவைச் சமன்செய்ய, ஒன்றே கால் மீட்டர் முன்னால் ஏறக்குறைய மூன்று கிலோ வேண்டும்.

சென்ற மாதம் அந்தக் கடலூர் வீட்டுக்காரரே அழைத்தார். “சார், விமானி இருக்கைக்கு முன்னால் வரும் மேல்தகடு தயார். மூடிவிடலாமா?”

“உள்ளே படம் எடுத்தீர்களா?”

“எடுத்துவிட்டேன். சுவரில் எழுதி ஒட்டிய பட்டியலையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.”

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். டார்ச்சுடன் உள்ளே தலையை நுழைத்துப் பார்த்ததில், பிரேக் குழாய் ஒரு சட்டத்தின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. ஒரு ரப்பர் வளையம் போட்டால் தீர்ந்தது. பாண்டிச்சேரியில் என் பெட்டியில் அந்த அளவு இருந்தது, கையில் இல்லை. அன்று மூடவில்லை. துளைகளில் செருகிக் கழற்றக்கூடிய பிடிப்பான்களான செம்பு நிறக் கிளெகோக்களை வரிசையாகக் குத்தித் தகட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அவர் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை வளையத்துடன் போகிறேன்.